மேப்பில் நின்ற தென்னந்தோப்பு

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே தோப்பைப் பார்த்துவிட்டார்கள்.

சங்ககிரியில் உட்கார்ந்தபடியே, செல்போனில். பெண்ணின் அப்பா அர்த்தநாரியிடம் வாங்கிய லொகேஷனைத் தொட்டு, மேலேயிருந்து எடுத்த படமாக மாற்றினால் வீடு, கிணறு, களம் எல்லாம் தெரிகிறதாம்.

"தென்னந்தோப்பு நல்லா அடர்த்தியா இருக்குதுங்க. எங்கூட்ல எல்லாருக்கும் திருப்தி. ஞாயித்துக்கெழம வாரோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா தனசேகர்.

"வாங்க, வாங்க" என்று சொல்லி அர்த்தநாரி போனை வைத்துவிட்டார்.

அந்தப் படம் நாலு வருஷம் பழசு. போர்க்கிணறு வற்றி, குருத்துச் சாய்ந்து, எழுபத்திரண்டு மரமும் போய்ச் சேர்ந்தன. இப்போது அங்கே மரவள்ளிக் குச்சிக்கிழங்குதான் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது.

"சொல்லிப்போடுங்கப்பா" என்றாள் தீபிகா. நாமக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நானா தோப்பு இருக்குதுன்னு சொன்னேன்? அவுங்க போனு சொல்லுது."

"வந்து பார்த்தாத் தெரியாதுங்களா?"

"வந்து உன்னையப் பார்த்துட்டா, அப்புறம் மரத்து நெனப்பு எங்க வரப்போகுது?"

"ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இதையும் கெடுத்துப்போடாத சாமி" என்றார் தீபிகாவின் அம்மா செல்லியம்மாள். அவரும் சும்மா இல்லை. மகளின் போனை வாங்கி, மாப்பிள்ளை வீட்டு வாசலை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, அங்கே ரெண்டு லாரி நிற்கிற சேதியை அக்கம்பக்கமெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு போன் வந்தது. அர்த்தநாரி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, வழி தப்பிட்டாப்பல இருக்குது" என்றார் தனசேகர். "போனு வந்து சேந்தாச்சுங்குது. தோப்பையே காணோம். சுத்தியும் கெழங்குக்காடுதான். திருப்பிட்டு மெயின்ரோட்டுக்கே போயிரட்டுங்களா?"

வாசலில் நின்ற அர்த்தநாரிக்குக் கிழங்குக்காடு தாண்டி ரோட்டில் நிற்கும் வெள்ளைக் கார் தெரிந்தது. தோப்பு இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

'பின்னால இருக்குதுங்க, வாங்க.' ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அறைக்குள் தீபிகாவின் வளையல் சத்தம் நின்றிருந்தது.

இந்தப் பொய்யைத் தான் ஒரு தடவை சொன்னால் போதும், ஆனால் அவள் அந்த வீட்டில் தினம் தினம் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வழி தப்பலீங்க. சரியாத்தான் வந்திருக்கீங்க. தோப்புதான் இல்லீங்க. தண்ணியில்லாம போயி மூணு வருசமாச்சு. நீங்க பார்த்தது பழைய படம். நான் அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

மறுமுனையில், காருக்குள் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. "இரு" என்றார் தனசேகர். சமையல் கட்டில் செல்லியம்மாள் ரவையைக் கிளறுவதை நிறுத்தினார்.

"நீங்களும் எங்க ஊட்டைப் பார்த்திருப்பீங்களே?" என்றது போன், தணிந்த குரலில்.

"பார்த்தமுங்க."

"வாசல்ல ரெண்டு லாரி நின்னிருக்குமே?"

"ஆமாங்க."

"இப்ப ஒண்ணுதானுங்க. இன்னொண்ணைப் போன வருசமே வித்துப்போட்டோம். காப்பி குடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அந்தப் பக்கம் அடக்கவில்லை.

"சரி, தோப்பு இல்லீன்னா எந்த அடையாளத்தை வெச்சுத் திரும்பறதுங்க?"

அர்த்தநாரி சுற்றிலும் பார்த்தார். கிழங்குச் செடியை விட உயரமாக எதுவும் இல்லை.

"அங்கயே நில்லுங்க. நானே ரோட்டுக்கு வாரேன்."

"ஏனுங்க, ஒரு லாரிதானாமா?" என்ற செல்லியம்மாளின் குரல் முதுகுக்குப் பின்னால் வந்தது. அதற்கும் பின்னால், வளையல் சத்தம் மறுபடி கேட்டது.

தார் ரோட்டில் ஏறியதும் உள்ளங்கால் சுட்டது. செருப்புப் போடாமல் வந்திருக்கிறார். திரும்பிப் போகவில்லை. வளைவு வரைக்கும் நடந்து, வீட்டுக்கு வண்டித்தடம் பிரிகிற இடத்தில் நின்று கையை உயர்த்தினார்.

தூரத்தில் காரின் இண்டிகேட்டர் மினுங்கியது.