ரொட்டிக்காரன் வீட்டில் யாரும் சாகக் கூடாது

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ஜனம், அந்தக் கரையில் ஒரு ஜனம். இரண்டுக்கும் ஆகாது. ஏன் என்று கேட்டால் இரண்டு கரையிலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஆதியில் இரண்டு பூதங்கள் ஆற்று மணலில் கட்டிப் புரண்டு சண்டை போட்டன. ஒன்று மற்றதன் தலையைத் திருகிப் பிடுங்கி எறிந்தது. செத்த பூதத்துக்குப் பிள்ளைகள் ஏராளம். அவை போட்ட கூச்சலில் ஜெயித்த பூதத்துக்குத் தூக்கம் வரவில்லை. வாயை அடைக்கலாம் என்று போய் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டியது. பிள்ளைகள் "அப்பா" என்றன. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டது. அதன் சொந்தப் பிள்ளைகள் அதைச் சுத்தமாக மறந்துபோயின.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். யார் கொடுத்த அடியில் ஒருவனுக்கு மூச்சு நிற்கிறதோ, அந்த ஆள் செத்தவன் வீட்டுக்குப் போய்ச் செத்தவனாக வாழ வேண்டும். அவன் வேலை, அவன் பாய், அவன் மாமியார். செத்தவன் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். கொன்றவன் பெற்ற பிள்ளைகள் அவனைத் தெருவில் பார்த்து "யாரும்மா இவரு?" என்று கேட்கும். போகமாட்டேன் என்று அடம்பிடித்தால் பொழுது சாய்வதற்குள் கால் கல்லாகிவிடும். பாலத்தடியில் அப்படிக் கல்லான நாலைந்து பேர் நிற்கிறார்கள். மேல்பாதி அழுகி உதிர்ந்துவிட்டது. கீழ்ப்பாதியில் ஊரார் துணி காயப்போடுகிறார்கள்.

இதனால் சண்டை நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் பார்த்து வெட்ட ஆரம்பித்தார்கள், அவ்வளவே. கூரை ஒழுகுகிறவனையும் சிடுமூஞ்சி மாமனார் வாய்த்தவனையும் ஒருத்தரும் சீண்டுவதில்லை. நடுத்தெருவில் படுத்துத் தூங்கினாலும் தாண்டித்தான் போவார்கள். எவனுக்காவது எல்லாம் நன்றாக அமைந்துவிட்டால்தான் ஆபத்து. அவன் கழுத்தின் மேல் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுவார்கள்.

ரொட்டிக்காரனுக்கு எல்லாம் நன்றாக அமைந்துவிட்டது. முன்னால் கடை, நடுவில் ஆள் உயரச் செங்கல் அடுப்பு, பின்னால் குடித்தனம். எந்தக் குளிரிலும் அடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்தால் சொர்க்கம். இதை மறைக்க அவனும் மனைவியும் தினமும் காலையில் கூட்டம் சேரும் நேரம் பார்த்து வாசலில் சண்டை போடுவார்கள். "உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்?" என்று அவள் தட்டை வீசுவாள். அவன் குனிவான். வர வர அவளுக்குக் குறி நன்றாகக் கைவந்துவிட்டதால் அவன் நிஜமாகவே குனிய வேண்டியிருந்தது.

காரியத்தைக் கெடுத்தது மகள். ஆறு வயது. வாய் ஓயாது என்பதால் வண்டு என்று பெயர். ரொட்டி வாங்க வந்த ஒரு பெண்மணி அதன் கன்னத்தைத் தடவி, "பாவம்டி நீ, வீட்ல எந்நேரமும் சண்டையா?" என்றாள். வண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அது சும்மா நடிப்பு அத்தை! உள்ள போனதும் அப்பா மாவுல மீசை வெச்சுக்கிட்டு ஆடுவாரு. அம்மா சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடும்."

அத்தை ரொட்டியோடு பாலம் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தாள். மறுநாள் மதியம் பசைக்காரன் வந்தான்.

முதலில் வந்தது அவன் வாடை. அக்கரையில் எலும்பு காய்ச்சிப் பசை எடுப்பவன். அந்த நாற்றம் அவன் வருவதை அவனுக்கு முன்னாலேயே சொல்லிவிடும். கையில் எலும்பு சீவுகிற நீளக் கத்தி. உள்ளே வந்தவன் ரொட்டிக்காரனைப் பார்க்கவேயில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தான், ஜன்னலைத் திறந்து மூடினான்.

"வெளிச்சம் நல்லா வருது. அடுப்போரமா என் படுக்கையைப் போட்டுக்கறேன். சரி, நீ ரெடியா?"

"அண்ணே, கேள்விப்பட்டதெல்லாம் பொய். என் பொண்டாட்டி ராட்சசி."

"என் வீட்ல ஆறு பிள்ளைங்க, ஒரு மாமியார், வேலைவெட்டி இல்லாத ரெண்டு மச்சானுங்க. ராட்சசின்னு பயம் காட்டறியா எனக்கு?"

சொல்லிக்கொண்டே வீசினான். ரொட்டிக்காரனின் இடது காது பாதி அறுந்து மாவுத் தொட்டியில் விழுந்தது. இரண்டாவது வீச்சில் இரண்டு விரல் போயிற்று. ரொட்டிக்காரன் அடுப்பில் ரொட்டி தள்ளுகிற நீளத் துடுப்பை எடுத்து அவன் வாயில் இடித்தான். பல் தெறித்துத் தரையில் உருண்டது. முழங்காலில் ஒரு போடு போட, எலும்பு மளுக்கென்றது. சரிந்தவனைத் தலைமுடியோடு பிடித்து, கத்தி பிடித்த கையைத் தணலுக்குள் திணித்தான். பசைக்காரன் போட்ட அலறலில் மேல்தட்டு ரொட்டிகள் சரிந்தன. கருகிய கையை உதறிக்கொண்டு மறு கையால் கத்தியைப் பொறுக்கிப் பாய்ந்தவன், மாவு வழுக்கி விழுந்தான். கத்தி அவன் தொடையிலேயே பிடிவரை இறங்கியது. ரத்தம் கூரைவரை அடித்தது.

மனைவி விறகுக் கோடாலியோடு ஓடிவந்தாள். "தள்ளுங்க, ஒரே போடா போட்டுடறேன்!"

"ஐயோ, போடாதே! நீ போட்டா நீ அங்க போகணும். வண்டு உன்னைப் பாத்து யாருன்னு கேக்கும்!"

கோடாலி தாழ்ந்தது. இருவரும் தரையைப் பார்த்தார்கள். அடித்து இடித்து விழவைத்தவன் ரொட்டிக்காரன். பசைக்காரன் இப்படியே ரத்தம் வடிந்து செத்தால் கணக்கு ரொட்டிக்காரன் தலையில்தான். கதவிடுக்கில் வண்டின் ஒற்றைக் கண் தெரிந்தது. அந்தக் கண் இன்று சாயங்காலம் அவனை அந்நியனாகப் பார்க்கப் போகிறது.

ரொட்டிக்காரன் பாய்ந்து பசைக்காரன் தொடையை இறுக்கிப் பிடித்தான். "சாகாதடா! டேய், சாகாதே!"

கீழே கிடந்தவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பல்லில்லாத வாயால் சிரித்தான். "விடுடா. நான் நிம்மதியா போறேன். நீ போய் பசை காய்ச்சு. என் பெரிய மச்சான் தூக்கத்துல உதைப்பான், சுவர் ஓரமா படுத்துக்கோ."

ரொட்டிக்காரன் கத்தியை உருவி எறிந்துவிட்டு, அடுப்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி வெட்டுவாயில் வைத்துத் தீய்த்தான். மாவைக் கொட்டி அப்பினான். மனைவியின் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். பசைக்காரன் பொறுமையாகக் கட்டை அவிழ்த்தான். இவன் மறுபடி கட்டினான். அவன் மறுபடி அவிழ்த்தான். ஆத்திரத்தில் ரொட்டிக்காரன் ஓங்கி மூக்கில் குத்திவிட்டு, உடனே பதறிப்போய் மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தான். அடிக்கவும் வழியில்லை, விடவும் வழியில்லை. நாலாவது கட்டும் நனைந்து சொட்டியது. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் பசைக்காரன் மனைவி வந்தாள். இடுப்பில் கடைசிக் குழந்தை, பேச்சு வராத வயது. "கத்தியைத் தீட்டிக்கிட்டுக் கிளம்பறப்பவே நெனச்சேன், எங்களை விட்டுட்டு ஓடறான்னு" என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளே சொன்னாள். பிறகு ரொட்டிக்காரனை மேலும் கீழும் பார்த்தாள். "இவன் செத்தா நீதான் வருவியா?"

"தங்கச்சி, நான் குறட்டை விடுவேன்."

"எல்லாவனும் விடறான்."

"எலும்பு வாடையே எனக்கு ஆகாது. வாந்தி வரும்."

அவள் பெருமூச்சு விட்டாள். "ஒருத்தனைப் பழக்கி எடுக்கவே பாதி ஆயுசு போச்சு. புதுசா இன்னொருத்தனை வேற பழக்கணுமா? மீதி ஆயுசுக்கு நான் என்ன பண்ண?" குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சற்று யோசித்தாள். "ஏங்க, நானே கொன்னா நான் யார் வீட்டுக்குப் போகணும்?"

பசைக்காரனின் சிரிப்பு நின்றது.

"உங்க... வீட்டுக்குத்தான்" என்றான் ரொட்டிக்காரன்.

"இத்தனை வருஷமா இது எனக்குத் தோணவே இல்லையே!"

"ஏய், வேணாம்டி" என்று பசைக்காரன் முதல் தடவையாக உயிர் வாழும் ஆசையோடு நகர்ந்தான். அதுவரை பிடிவாதமாக அவிழ்த்துக்கொண்டிருந்த கட்டைக் கருகிய கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் குழந்தையை ரொட்டிக்காரன் மனைவியிடம் கொடுத்தாள், கோடாலியை வாங்கினாள். விறகு பிளந்து பழகிய கை. முதல் வெட்டு தோளில் இறங்கியது, இரண்டாவது கழுத்தில். மூன்றாவது தேவையே இல்லை, இருந்தும் போட்டாள். ஆறு பிள்ளைகள் கணக்கில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது.

எல்லாரும் அவள் கால்களையே பார்த்தார்கள். அவள் ஒரு அடி வைத்தாள். கல்லாகவில்லை. குழந்தையை வாங்கினாள். அது ரத்தம் தெறித்த அவள் முகத்தை உற்றுப் பார்த்து, பிறந்ததிலிருந்து முதல் வார்த்தையாக "அப்பா" என்றது.

"ஆமாடா செல்லம்" என்றாள் அவள். "வா, வீட்டுக்குப் போலாம். பசைக் கொப்பரை அடிப்பிடிச்சிருக்கும்."

ரொட்டிக்காரன் கதவைத் திறந்து மகள் முன்னால் மண்டியிட்டான். "வண்டு... நான் யாரு?"

"அப்பா, உன் காது மாவுல கெடக்கு" என்றது வண்டு.

அவன் அதைக் கட்டிக்கொண்டு அழுதான். நிமிர்ந்தபோது வாசலில் தெருவே கூடியிருந்தது. பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். அவரவர் முகத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஆண்கள் ஒவ்வொருவராக நழுவி, வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கவோ என்னவோ, வேகமாகப் போனார்கள்.

மனைவி கோடாலியைக் கழுவித் துடைத்தாள். விறகுக் கொட்டகைக்கு எடுத்துப் போகாமல் படுக்கையறைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

ரொட்டிக்காரன் கோடாலியை ஒரு தடவை பார்த்தான். மிச்சமிருந்த எட்டு விரலோடு பாத்திரம் கழுவப் போனான்.