தெம்பு மாத்திரை

இப்போதெல்லாம் ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவர நாதி கிடையாது. போனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சாவதென்றால் கொஞ்சம் வெளிச்சமாகப் பார்த்துச் செத்துத் தொலை என்பது மாதிரி எதிரே நின்று படம் பிடிக்கிறார்கள். த்தூ!

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை. விடியற்காலையிலிருந்து சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் வால்வைத் திருப்ப வேண்டும். கான்ட்ராக்ட் வேலைதான். அதற்கு முன்னால் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை அள்ளிக்கொண்டிருந்தேன், அதுவும் கான்ட்ராக்ட்தான். மகள் அன்புக்கரசி வீட்டில் இருக்கிறேன். இந்த வேலையும் போனால் அங்கே நான் மூலையில் கிடக்கும் உடைந்த நாற்காலி. மருமகன் வாயால் சொல்ல மாட்டார். சோறு போடும்போது கரண்டிச் சத்தத்தில் தெரிந்துவிடும்.

அன்றைக்கு வால்வுக் குழியின் மூடியைத் தூக்கியதும் நெஞ்சு படபடத்தது. அப்படியே உட்கார்ந்தேன். ராத்திரியெல்லாம் தூங்காத உடம்பு, கண் சொக்கிவிட்டது. அந்தத் தெருவில் குடியிருக்கும் கோபாலகிருஷ்ணன் சார் மகன் ஹரி அதைப் படம் எடுத்து, தண்ணீர் வரவில்லை, ஆள் தூங்குகிறார் என்று பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் சின்னதுரை பைக்கில் வந்து நின்றான்.

"இன்னா பெருசு, வால்வுக்குத் தாலாட்டு பாடிகினே நீயும் தூங்கிட்டியா?"

"நெஞ்சு அடிச்சுகினுதுப்பா."

"அடிச்சுகினுதா? குழிக்குள்ள வுழுந்து நீ போய்ச் சேந்துட்டா என் தலையில்ல உருளும்? வேல செய்யலாம்னு டாக்டராண்ட சீட்டு வாங்கினு வா. அதுவரைக்கும் வேற ஆளு பாத்துக்குவான்."

அன்றைக்கு ஒரு நாள் தவிர, பகலில் சைக்கிள் மிதிக்கும்போது ஒன்றும் தெரியாது. பாயில் சாய்ந்தால்தான் ஆரம்பிக்கும். கோழியைச் சாக்கில் போட்டுக் கட்டிய மாதிரி உள்ளே அடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு துடிப்பு தவறும். போய்விட்டோம் என்று நினைப்பதற்குள் அடுத்தது திம்மென்று விழும். வேர்வையில் பாய் நனைந்துவிடும்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கு ஒரு வைத்தியம். பக்கத்து வீட்டுச் செந்தாமரை பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொண்டுவந்தாள். "வாயுதான் மாமா, ஒரு ஏப்பம் வந்தா செரியாப்பூடும்" என்று வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏப்பம் வரவில்லை, பூண்டும் பாலும்தான் திரும்பி வந்தது. ஹரிக்கு மனசு உறுத்தியதோ என்னவோ, நாடித் துடிப்பை எண்ணும் தன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினான். "தாத்தா, நூத்திமுப்பது!" என்று கத்தினான். கிரிக்கெட் பார்க்கிற கூட்டம் மாதிரி நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு கிளினிக்குக்கு அன்புக்கரசி என்னை இழுத்துப் போனாள். டாக்டர் தேவயானி சின்ன வயசு. இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். நெஞ்சில் கொழகொழவென்று எதையோ தடவி, ஒயர் மாட்டி, ஓடும் தாளைக் கிழித்துப் பார்த்தாள். கையை நீட்டச் சொன்னாள். விரல் நடுங்கியது. சாப்பிட்டும் இளைத்துப்போனேனா, டீ எத்தனை, பீடி உண்டா என்று போலீஸ்காரி மாதிரி கேட்டாள்.

"வேற மாத்திரை ஏதாவது போடறீங்களா அய்யா?"

"ஒன்னும் இல்ல."

"ஏம்ப்பா பொய் சொல்ற?" என்று மகள் என் சோற்றுப் பைக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். "தெனமும் ரெண்டு வேள இதத் தின்னுகினு கெடக்கறாருங்க."

பொய்யெல்லாம் இல்லை. மாத்திரை நோய்க்கு. இது தெம்புக்கு. கோபாலகிருஷ்ணன் சார் கொடுத்தது. தெற்கத்திக்காரர், சுரங்கத்தில் பர்மனன்ட். பர்மனன்ட் ஆளுக்கும் குடும்பத்துக்கும் கம்பெனி ஆஸ்பத்திரியில் மருந்து சும்மா கிடைக்கும். மிச்சம் விழுவதை எங்களை மாதிரி ஆட்களுக்குக் கொடுப்பார்கள், இங்கே அது வழக்கம். சைக்கிள் மிதிக்க முடியவில்லை என்று முன்னே ஒரு நாள் அவரிடம் சொன்னேன். "எங்க வீட்டுக்காரி படுத்தே கெடந்தா கண்ணையா. இதப் போட்டதுக்கப்புறம் எந்திரிச்சு ஓடுதா. போட்டுப் பாரும், யார்ட்டயும் சொல்லாதீரும்" என்றார். மருந்துக் கடைக்காரனை நான் நம்ப மாட்டேன். டிவி டாக்டரை நம்ப மாட்டேன். ஆனால் கம்பெனி தன் சொந்த ஆளுக்குக் கொடுப்பது மட்டமாகவா இருக்கும்? பர்மனன்ட்டும் நானும் அதே பெல்ட்டில் அதே தூசியைத்தான் தின்றோம். அவன் இருமினால் மருந்து, நான் இருமினால் எச்சில். கிடைக்காமல் கிடைத்தது, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று போட்டேன்.

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது தைராய்டு மாத்திரை. தைராய்டு கம்மியா சுரக்கறவங்களுக்குத்தான் குடுப்போம். உங்களுக்குச் சரியா சுரக்கும்போது இதையும் போட்டா இதயம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். கை நடுங்கும், இளைச்சுப் போவீங்க, தூக்கம் போயிடும்."

"அப்ப பகல்ல ஏன் அடிக்கல?"

"பகல்லயும்தான் அடிக்குது. வேலை மும்முரத்துல உங்களுக்குத் தெரியல. ராத்திரி சத்தம் அடங்கினதும் கேக்குது."

இதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருப்பார்கள். ரத்தம் எடுக்கச் சொன்னாள், அது இல்லாமல் விடுவார்களா? மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும், சாயங்காலத்துக்கு மேல் டீ கூடாது, பீடியை விட்டுவிட வேண்டும், அடித்தால் எழுந்து உட்கார்ந்து நிதானமாக மூச்சு விட வேண்டும் என்றாள்.

"மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மூச்சு முட்டினாலோ பூண்டு உரிச்சுக்கிட்டு உக்காராதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வேலைக்குச் சீட்டு?"

"ரத்தத்துல தைராய்டு அளவு எறங்கட்டும். அப்பத்தான் தருவேன்."

ரத்தத்தில் அளவு ஏகத்துக்கும் இருந்ததாம். தாளை நீட்டினாள். எனக்கு என்ன படிக்கவா தெரியும்? சீட்டு அவள் கையில் இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தினேன். உடனே அடங்கவில்லை. நான் சொன்னேன் பார் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கும் மருந்து கரைய நாள் ஆகும் என்றாள் டாக்டர். வாரங்கள் போனதும் துள்ளல் குறைந்தது. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். மறுபடி ரத்தம், மறுபடி தாள். கடைசியில் சீட்டு கிடைத்தது, சின்னதுரை சைக்கிளையும் வால்வுச் சாவியையும் கொடுத்தான்.

அடுத்த நாளே டப்பாவை எடுத்துக்கொண்டு கோபாலகிருஷ்ணன் சார் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கேட் பக்கம் வந்தவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எம் பேரச் சொல்லிட்டீரா?"

நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. டப்பாவை நீட்டினேன்.

"சொல்லல சார். புடிங்க ஒங்க தெம்ப."

அவர் சம்சாரம் விஜயகுமாரி அம்மா வெளியே வந்து டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"அய்யய்யோ, இது என் பழைய மாத்திரையில்லா! டாக்டர் அளவ மாத்திட்டாரு, தூக்கிப் போடுங்கன்னு சொன்னேன்லா?"

"மருந்த எதுக்கு வீணாக்கணும்னுதான்..." என்றார் அவர்.

"அதுக்கு இவருதான் குப்பைத்தொட்டியா?" என்று புருஷனைக் கடித்துவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நல்லவேளை தப்பிச்சீங்க. இனிமே அடுத்தவங்க மாத்திரையத் தொடாதீங்க."

"நீங்க இதப் போட்டுத்தான எழுந்து ஓடனீங்க? ஒங்களுக்குத் தெம்பு குடுத்தது எனக்கு மட்டும் எப்டிம்மா வெசமாவும்? வெயிலு. அந்த வெயில்ல உடம்பு சூடேறிப்போச்சு. மழ பேஞ்சுது, அடங்கிடுச்சு."

"டாக்டரு ரத்தத்துல பாத்துச் சொன்னாங்கல்ல?"

"சொல்லுவாங்க. சொல்றதுக்குத்தான ரத்தம் எடுத்தாங்க."

"அப்ப மறுபடி போடுவீரோ?" என்றார் சார், இப்போது நிஜமாகவே பயந்து.

"போட்டா மறுபடி சீட்டு கேப்பாங்க. எனக்கு வேல வேணும், சார்."

டப்பாவைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்தேன். அந்த அம்மா பின்னால் கூப்பிட்டு இன்னும் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் எத்தனை விதமாக விளக்கினாலும் என் புத்திக்கு அது ஏறவில்லை. திரும்பிப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அடுத்த தெருவுக்குத் தண்ணீர் திறக்க வேண்டியிருந்தது.