பித்தளை முளைத்த வீடு

மூன்றாம் மாடி மேற்கு வீட்டுக்குள் மின்சாரம் நுழைவதை நிறுத்திக்கொண்டது ஒரு வியாழக்கிழமை; வெள்ளிக்கிழமை மத்தியானமே அந்த இடத்துக்கு நீராவி குடிவந்துவிட்டது. மின்வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். கம்பி சரி, மீட்டர் சரி, ஃப்யூஸ் சரி. மின்சாரம் வாசற்படி வரைக்கும் ஒழுங்காக வந்தது. அங்கே கிடந்த ஒரே ஜோடி செருப்பைப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளி மாதிரி சத்தமில்லாமல் திரும்பிப் போனது. "லைன்ல ஒரு குறையும் இல்ல சார். அதுக்கு உள்ள வர இஷ்டமில்ல, அவ்வளவுதான்" என்றார் மூத்தவர். இளையவர் அதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த சில வாரங்களில் வீட்டுச் சாமான்களுக்குப் பித்தளை முளைத்தது. குழந்தைக்குப் பல் முளைக்கிற மாதிரிதான்: முதலில் கொஞ்சம் வீக்கம், லேசான சூடு, பிறகு ஒரு காலையில் பளபளவென்று ஒரு முனை. குளியலறை கீசர் உருண்டு திரண்டு, ஆணி அடித்த வயிறும் நெருப்புக் கதவும் உள்ள கொதிகலனாக ஆயிற்று. மின்விசிறிக்குத் தோல்பட்டை வந்தது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வண்டிச் சக்கரம் அளவில் ஒரு சக்கரம். ஃப்ரிட்ஜ் மட்டும் கொள்கை அளவில் கொஞ்ச நாள் எதிர்த்துப் பார்த்து, கடைசியில் ரொட்டியைச் சூடாக வைத்திருக்கும் பெட்டியாக இருக்கச் சம்மதித்தது. டிவியின் இடத்தில் ஒரு வட்டமும் முள்ளும் வந்தன. சீரியலில் யாராவது அழுதால் முள் சிவப்புக்குப் போகும்; செய்தி நேரத்தில் அசையாது. கைபேசி, கையில் பிடிக்க முடியாத பித்தளைப் பெட்டியாகி அலமாரி மேல் உட்கார்ந்துகொண்டது. அதில் பேச ஆவி வேண்டும். பக்கத்துத் தெருவுக்குக் கொஞ்சம், தூரத்து ஊருக்கு நிறைய.

அந்த வீட்டில் இருந்தவனுக்குப் பச்சை என்று பட்டப்பெயர். நகரத்துக் குடிநீர் அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவனுக்கு வேலை. திரையில் ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு புள்ளி. புள்ளி பச்சையாக இருந்தால் அவன் ஒன்றும் செய்ய வேண்டாம். சிவப்பானால், அவன் கை பட்டனுக்குப் போவதற்குள் இயந்திரமே அதைப் பச்சையாக்கிவிடும். அதை அவன் பார்த்தான் என்று ஒத்துக்கொள்வதற்குத்தான் சம்பளம். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மனைவி வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய் நாலு வருஷம். சண்டை என்று எதுவும் இல்லை; சண்டை போட்டிருந்தால் சமாதானத்துக்காவது ஒருமுறை வந்திருப்பாள். முதலில் வாரம் ஒரு போன், அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் இருவரும் மற்றவர் பேசட்டும் என்று மரியாதையாக விட்டுக்கொடுத்தார்கள்.

ஆகவே நீராவி வந்தபோது பச்சை குறை சொல்லவில்லை. அவனை ஒரு பொருள் தேடியது அதுதான் முதல் தடவை. கரி போடாவிட்டால் கொதிகலன் ஆறிப்போகும். எண்ணெய் விடாவிட்டால் விசிறி முனகும். வால்வைக் காலையில் தட்டிக்கொடுக்க வேண்டும், சாயங்காலம் திருகிவிட வேண்டும், மழைநாளில் சும்மா பக்கத்தில் நிற்க வேண்டும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கரித்தூளைப் பற்றிப் புகார் சொல்ல வந்தார்.

"என்ன பச்சை, மாடியில காயப்போட்ட வெள்ளைச் சட்டையெல்லாம் வக்கீல் கோட்டு மாதிரி ஆயிடுச்சு?"

"சுடுதண்ணி மிஞ்சுது சார். குழாய் போட்டு எல்லா வீட்டுக்கும் விட்டுடறேன்."

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "காலையில ஆறு மணிக்கு வருமா?" என்றார். அத்தோடு புகார் முடிந்தது.

ஸ்டீம்பங்க் கழகத்தார் மோப்பம் பிடித்து வந்தது அதற்கு அடுத்த மாதம். எங்கும் எப்போதும் நடக்காத ஒரு காலத்தை நினைத்து ஏங்குவதற்காக ஆரம்பிக்கப்பட்ட கழகம் அது. கப்பல்கள் ஆகாயத்தில் நீராவியால் ஓடியிருக்க வேண்டிய காலம். எல்லாரும் நீளக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டிருக்க வேண்டிய காலம். ஓடவில்லை, போடவில்லை, அது அவர்கள் குற்றமில்லை. காப்பீட்டு அலுவலகத்திலும் கூரியர் கிடங்கிலும் ஐந்து நாள் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். நெற்றியில் வெல்டிங் கண்ணாடி. தொப்பியில் பசை வைத்து ஒட்டிய பற்சக்கரங்கள். பச்சையின் சமையலறையில் பிஸ்டன் போய் வருவதைப் பார்த்ததும் கழகத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப வர்ற மெஷின்ல என்ன சார் தெரியுது? வழவழன்னு ஒரு கண்ணாடித் துண்டு. தொறந்தா வாரண்டி போயிடும். இங்க பாருங்க, இது தள்ளுது, அது சுத்துது, அந்தப் பக்கம் புகை வருது. மனசு நிறையுது சார்."

பச்சை தேநீர் போட்டுக் கொடுத்தான். வாரா வாரம் வந்தார்கள். கொதிகலனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, ஃபிரேம்ல வர்றீங்க" என்று மிகவும் பணிவாகக் கேட்டார்கள். அவனும் தள்ளித் தள்ளி, படம் எடுக்கும் நேரத்தில் எங்கே நின்றால் எதிலும் விழமாட்டோம் என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டான். அது துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர் ஏதாவது ஒரு பொருளில் ஒரு பற்சக்கரம் ஒட்ட வேண்டும். எதையும் சுற்றாத சக்கரம், பிளாஸ்டிக்கில் பித்தளை வண்ணம் அடித்தது, அழகுக்கு. இந்த வீட்டைப் பார்த்த பிறகு ஆட்கள் நிறையச் சேர்ந்தார்கள், மரியாதை செய்கிறோம் என்று அத்தனை பேரும் இந்த வீட்டுச் சாமான்களிலேயே ஒட்டினார்கள். செய்த தவறு அதுதான். அழகுக்கு ஒட்டியது எது, வேலைக்கு ஒட்டியது எது என்று வீட்டுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நம்பியது, ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

சுற்றுகிற சக்கரத்துக்கு வேலை வேண்டும். பச்சையின் வேலைகளைப் பழைய சக்கரங்கள் எப்போதோ பங்குபோட்டுக்கொண்டுவிட்டன. மிச்சமிருந்தது அந்த வீட்டில் இல்லாத ஒருத்தியின் வேலைகள் மட்டும். எனவே காலையில் தேநீர் இரண்டு கோப்பையில் இறங்கியது. கட்டிலின் இடது பக்கத்துத் தலையணை தூங்கும் நேரத்துக்கு வெதுவெதுப்பானது. கூடத்தில் அலமாரி ஓரமாகக் கிடந்த நாற்காலி சாயங்காலத்தில் தானாக ஆடியது. பச்சை முதல் நாள் பார்த்தான், இரண்டாம் நாள் பார்த்தான், மூன்றாம் நாள் இரண்டாவது கோப்பையை எதிரில் வைத்துவிட்டு அது ஆறும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

இவ்வளவையும் இழுக்கக் கொதிகலனுக்குத் தெம்பு இல்லை. அழுத்தம் காட்டும் முள் நாளுக்கு நாள் இறங்கியது. பச்சை அலுவலகத்துக்குப் போகாமல் கரி அள்ளிக் கொட்டினான். அவன் வரவில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. புள்ளிகள் பச்சையாகவே இருந்தன. கண்ணுக்குக் கீழே கருவளையமும் உள்ளங்கையில் கொப்புளமுமாக அவன் இருந்த நிலையைக் கண்டுபிடித்தது கழகத்தில் ஒருத்திதான். அவள் பல் செட் செய்கிறவள். எல்லாரும் பல்செட் அக்கா என்பார்கள். ஒரு புதன்கிழமை, கோட்டும் தொப்பியும் இல்லாமல், நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு கொதிகலனுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல விரலால் அசைத்தாள்.

"சார், எங்க ஆளுங்க பண்ணின கூத்து இது. மத்ததையெல்லாம் நான் பிடுங்கிடறேன். ஆனா இந்த மூணு நல்லா வேரூன்றிடுச்சு. கோப்பை, தலையணை, நாற்காலி. ஒண்ணைத்தான் இது தாங்கும். மூணும் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள நெருப்பு செத்துடும்."

"செத்தா?"

"செத்தா என்ன, கரண்ட் வந்துடும். நீங்க பழையபடி நிம்மதியா இருக்கலாம்."

அந்த நிம்மதி எப்படி இருந்தது என்று பச்சைக்கு ஞாபகம் இருந்தது. "எதை வெச்சுக்கிறது?" என்று கேட்டான்.

"அது எனக்கெப்படி சார் தெரியும்? அவங்களுக்கு எது பிடிக்குமோ அதை வைங்க." அவள் மற்ற சக்கரங்களைப் பிடுங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினாள். கதவருகில் நின்று, "கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

பச்சை சனிக்கிழமை வரை யோசித்தான். இத்தனை நாளாகப் போன் பண்ணாததற்கு அவனிடம் காரணம் இல்லை, பண்ணுவதற்கும் இல்லாமல்தான் இருந்தது. இப்போது தொழில்நுட்பச் சந்தேகம் ஒன்று கிடைத்திருக்கிறது. தூரத்து ஊருக்குப் பேச ஆவி நிறைய வேண்டும். விசிறியை நிறுத்தினான், துவைக்கும் சக்கரத்தை நிறுத்தினான், ரொட்டிப் பெட்டியிடம் சொல்லிவிட்டு அதையும் நிறுத்தினான். இருந்த கரி முழுவதையும் போட்டான். பித்தளைப் பெட்டி சீட்டியடித்தது. நெடுநேரம் கழித்து அவள் குரல் கொஞ்சம் ஈரமாக வந்தது.

"யாரு?"

"நான்தான்."

"என்ன அங்க, ரயில்வே ஸ்டேஷன்ல நிக்கிறீங்களா?"

"இல்ல, வீடுதான். ஒரு சந்தேகம். காலையில டீ உனக்குக் கோப்பையிலயா, இல்ல டம்ளர்லயா?"

"நான் எப்பங்க டீ குடிச்சிருக்கேன்?"

பச்சை, கொதிகலனின் முள்ளைப் பார்த்தான். இறங்கிக்கொண்டிருந்தது. "சரி, தலையணை..."

"கழுத்து வலின்னு தலையணையே வெச்சதில்ல. ரெண்டையும் நீங்கதான் வெச்சுப்பீங்க. உடம்பு நல்லாருக்கா உங்களுக்கு?"

"நல்லாருக்கு. நாற்காலி இருக்குல்ல, அலமாரிப் பக்கம்..."

"அலமாரிப் பக்கமா? அது ஜன்னல் கிட்டல்ல கிடக்கும். அங்க உட்கார்ந்தாதான் பஸ் ஸ்டாப் தெரியும்."

"பஸ் ஸ்டாப் எதுக்கு?"

ஆவி வீணாகிக்கொண்டிருந்தது. "நீங்க இறங்கி வர்றது தெரியும்" என்றாள். "தலையை நிமிர்த்தவே மாட்டீங்க. சரி, வைக்கட்டுமா? எனக்கு ஆபீஸ் கிளம்பணும், இன்னிக்கும் வேலை இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை, கடையில் ஒரு பொருள் இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். வைக்கும் முன், "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சேர்த்துக்கொண்டாள். பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

அடுப்பில் நெருப்பு ஒரு கைப்பிடிதான் மிஞ்சியிருந்தது. வாசலில் மின்சாரம் வந்து நின்றுகொண்டிருந்தது. எதிர் வீட்டம்மா அது உள்ளே எட்டிப் பார்த்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்கிறாள். பச்சை கோப்பைச் சக்கரத்தைப் பிடுங்கி நெருப்பில் போட்டான். தலையணைச் சக்கரத்தைப் போட்டான். பிளாஸ்டிக் நாறிக்கொண்டு எரிந்தது, ஆனாலும் எரிந்தது. பிறகு அலமாரிக் கதவைக் கழற்றி உடைத்துப் போட்டான். முள் மெதுவாக எழுந்தது. அதற்கப்புறம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் பக்கத்தில் போட்டான். மின்சாரம் இன்னும் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு மாடிப்படி இறங்கிவிட்டது.

கழகம் மறுநாள் வந்து, நாற்காலி பழைய இடத்தில்தான் படத்துக்கு எடுப்பாக இருந்தது என்று அபிப்பிராயப்பட்டது. ஓரிரு வருஷத்தில் அவர்களுக்கு வேறு காலத்தின் மேல் ஏக்கம் வந்து, கோட்டுகளை விற்றுவிட்டார்கள். பல்செட் அக்கா மட்டும் எப்போதாவது வந்து வால்வு பார்த்துவிட்டுப் போகிறாள். மனைவி வரவில்லை, அந்த ஊரில் வீடு வாங்கிவிட்டதாகக் கேள்வி. மின்வாரியம் மேற்கு வீட்டைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

பச்சை காலையில் கரி நிரப்பிவிட்டு வேலைக்குப் போகிறான், சாயங்கால பஸ்ஸில் வருகிறான். இறங்கியதும் தலையை நிமிர்த்தி மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்க்கிறான். நாற்காலி அங்கே ஆடிக்கொண்டிருக்கும், யாரும் இல்லாமல், சீராக. அவன் கையை லேசாகத் தூக்குகிறான். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக யாராவது வாயைப் பிளந்தால், அது மேற்கு வீடு, நீராவி என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ் எந்த நம்பர் என்று பார்க்கத் திரும்பிக்கொள்கிறார்கள்.