மூலிகை பிரேக்

ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் செல்லச்சாமியின் பழைய கார் நாலாவது தடவையாக என் தென்காசி ஷெட்டுக்கு வந்தது. காலையில் பிரேக் பெடல் கல் மாதிரி நிற்கும். செங்கோட்டை போய்த் திரும்பினால் தரையோடு படுத்துவிடும். மாஸ்டர் சிலிண்டர் மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றித்தான் அனுப்பியிருந்தேன்.

"ஒனக்கு வேல தெரியலலே" என்றார் ஸ்டேஷன் குரலில்.

எரிச்சலோடு ஆயிலை வடித்தேன். பாதி தண்ணீர்! சூட்டில் தண்ணீர் கொதித்து ஆவியானால் பெடல் வேறென்ன செய்யும்?

"யாரு அண்ணாச்சி தண்ணி ஊத்துனது?"

"நாந்தாம்லே. நீ ஊத்துதது கெமிக்கல். பாதிய எடுத்துட்டு குத்தாலத்து மெயினருவித் தண்ணிய விட்டேன். அம்புட்டும் மூலிகைலே!"

தலையில் அடித்துக்கொண்டு, வடித்த ஆயிலைக் கீழே கொட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டாதலே. பெடல மிதிச்சு மிதிச்சு முட்டு வலிக்கு. தேய்க்கணும்."