ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை

கடலுக்கு அடியில் இருக்கும் ஒரு மகனின் விலை, வாரத்துக்கு நாற்பது வார்த்தை. கறார் விலை. முப்பத்தொன்பது கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். நாற்பத்தொன்று கொடுத்தால் ஒன்றைத் திருப்பிக் கையில் தந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். நாலு மணி ஒரு நிமிடத்துக்குக் கொண்டுபோனால் அது அடுத்த வாரத்துச் சரக்கு.

மூத்தவள் மாடியறையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு. கீழே கூடத்தில் அவளுடைய அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் கடை திறக்கப் புறப்பட்டவர், ஒரு காலில் செருப்பை மாட்டினார், அடுத்ததற்குக் குனிந்தார், நிமிரவில்லை. டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து விட்டபோது மணி ஏழுகூட ஆகவில்லை. நாலு மணிக்கு எடுப்பதாகச் சித்தப்பா எல்லோருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு நாளில் எத்தனையோ மணி இருக்க, அவருக்கு அந்த நாலுதான் கிடைத்தது.

இப்போது மூன்றேகால்.

சின்னவன் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது; தலை துவட்டியதிலிருந்து வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்ததுவரை அவள்தான். இப்போது நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. அது தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் கேட்குமே தவிரப் பேசாது; பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடுமாம். பன்னிரண்டு வாரம் இங்கிருந்து போவதை அவன் படிக்கலாம், பதில் சொல்ல முடியாது. முதல் தடவை இதைக் கேட்டதும் அப்பா சிரித்தார்.

"என் கல்யாணம் மாதிரியே இருக்குடா. ஒருத்தர் பேசணும், ஒருத்தர் மூச்சு காட்டக் கூடாது."

"அதுல பேசினது யாருப்பா?" என்று சின்னவன் கேட்டான்.

"உங்கம்மா இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது."

அப்பாவுக்குப் பூட்டுக்கடை. நாற்பது வருடத்தில் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கியதில்லை, கேட்ட விலைக்கு விற்றதும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் நாற்பது வார்த்தைதான் என்றால் விடுவாரா? கடற்படையின் குடும்பத் தொடர்பு அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்கிற அம்மாளிடம் முதல் வெள்ளிக்கிழமையே பேரத்தைத் தொடங்கினார். அந்த அம்மாளை இவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா அவருக்கு நாற்பதம்மா என்று பெயர் வைத்திருந்தார்.

"எழுதிக்கங்கம்மா. கணக்குப்பிள்ளைக்குப்பிள்ளைபிறந்தது. ஒண்ணு."

"ஐயா, அது மூணு."

"எப்படி மூணு? நடுவுல நான் மூச்சு விட்டேனா?"

"மூச்செல்லாம் கணக்கில்லைங்க. இடைவெளிதான் கணக்கு."

"நான்தான் இடைவெளியே விடலையே. நீங்க விட்டுட்டு என் தலையில கட்டினா எப்படி? ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை. அதுதாம்மா நியாயம்."

எட்டு வாரம் இழுத்தது. அந்தப் பக்கம் சட்டம், இந்தப் பக்கம் மூச்சு. கடைசியில் படிந்தது: மூன்று வரை ஒட்டினால் ஒன்று, நாலாவதை ஒட்டினால் இரண்டு. அன்றைக்கு அப்பா கடை வாசலில் நின்று, போகிற வருகிறவரிடமெல்லாம், "நாற்பதம்மா இறங்கி வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்குத் திருவிழா. நாற்பதில் முப்பது அவருக்கு, பத்து மூத்தவளுக்கு. முப்பதை ஒட்டி ஒட்டி எழுபதாக்கிவிடுவார். அவள் தன் பத்தைப் பத்தாகவே எழுதுவாள். கோடு போட்ட நோட்டில் வார்த்தைக்கு வார்த்தை ஒரு விரல் இடம் விட்டு எழுதிப் பழகிய கை.

படியில் காலடி. சித்தப்பா மூச்சு வாங்க வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கீழ எல்லாரும் உன்னைத் தேடுறாங்க. நீ இங்க உக்காந்து என்னம்மா எழுதற? அவனுக்குச் சொல்லியாச்சா இல்லையா?"

"சொல்லக் கூடாது சித்தப்பா."

"யார் சொன்னது?"

"அவன்தான். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு காகிதம் கொடுப்பாங்க. வீட்டுல யாராவது தவறிட்டா உடனே தெரியணுமா, திரும்பி வந்தப்புறம் தெரிஞ்சா போதுமான்னு கேட்டு ரெண்டு கட்டம் இருக்கும். அவன் ரெண்டாவதுல டிக் அடிச்சுட்டுப் போயிருக்கான்."

"டிக்கா? பெத்த அப்பன் சாவுக்கு டிக்கா?"

"அப்பா பக்கத்துலதான் இருந்தார். அவர்தான் பேனாவையே எடுத்துக் கொடுத்தார். 'சொன்னா மட்டும் அங்கிருந்து நீந்தியா வருவே, ரெண்டாவதுல போடு'ன்னார்."

சித்தப்பாவுக்கு அண்ணன் குரல் காதில் விழுந்திருக்க வேண்டும். 

"அண்ணன் பேசிட்டுப் போயிட்டார்மா. அவருக்கென்ன. பையன் எதிர்ல நின்னு கேக்கறப்ப உன் நிலைமை என்ன? எங்கப்பா கீழ கிடக்கறப்ப நீ எனக்கு என்னக்கா எழுதினேன்னு கேப்பான். கேப்பானா மாட்டானா?"

"கேப்பான்."

"அப்ப சொல்லிடு."

"அந்த இரும்புக் குழாய்க்குள்ள அவன் எங்க போய் அழுவான் சித்தப்பா? படுக்கையே மூணு பேருக்கு ரெண்டு. ஒருத்தன் எழுந்தாத்தான் ஒருத்தன் படுக்க முடியும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாலுக்கு எடுக்கணும். வந்துடு" என்று இறங்கிப் போனார். கீழே அவர் யாரிடமோ, "தலைவலியாம், படுத்திருக்கா" என்று சொல்வது கேட்டது. அதுவும் அவர் செய்த உதவிதான்.

அழ ஆள் வேண்டுமென்றால் வீடு நிறைய இருந்தார்கள். அத்தைகள் இருந்தார்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் இருந்தார்கள், பூட்டு வாங்கிவிட்டு இரண்டு வருடமாகப் பாக்கி வைத்தவர்கூட முன்வரிசையில் இருந்தார். யார் தோளில் சாய்ந்தாலும் அழலாம். ஆனால் அப்பா செருப்பு மாட்டக் குனிந்தார் என்று சொன்னால், எந்தக் காலில் முதலில் மாட்டுவார் என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவனுக்குத்தான் இப்போது வியாபாரம் பரவாயில்லை என்று எழுத வேண்டும்.

எழுதாமல் விட்டுவிடலாமே என்றால், அதுவும் முடியாது. வெறும் பத்து வார்த்தை போனால், முப்பது எங்கே என்று நினைப்பான். கப்பலில் அவனுக்குக் காதுதான் வேலை. தூரத்தில் ஓடுகிற கப்பலின் அடியில் சுழலும் விசிறிச் சத்தத்தை வைத்தே அது என்ன கப்பல், என்ன வேகம் என்று சொல்ல வேண்டும். காதுக்குச் சம்பளம் வாங்குகிறவனிடம் அப்பாவின் குரலில் பேச வேண்டும். இன்றைக்கு ஒரு தடவை அல்ல. இது மூன்றாவது வெள்ளி. இன்னும் ஒன்பது இருக்கிறது.

மீதி நாலு வார்த்தையையும் எழுதி முடித்து, முழுவதையும் ஒரு தடவை படித்தாள்.

"மகனே, கடையில் வியாபாரம் பரவாயில்லை. பெரிய பள்ளிக்கூடத்துக்கு அறுபது பூட்டு கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது. கணக்குப்பிள்ளை புதுக் கண்ணாடி மாட்டியிருக்கிறான். அப்படியும் கூட்டல் தப்புகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேளைக்கு வேளை சாப்பிடு. அப்பா."

முப்பது. பள்ளிக்கூடத்துப் பூட்டு நிஜம், புதன்கிழமை வந்த ஆர்டர். நாய் நிஜம். கண்ணாடி நிஜம், கூட்டல் தப்புவது ஊரறிந்த நிஜம். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதும் இனிமேல் மறுக்க முடியாத நிஜம். 'மகனே' என்பதும், வளர்த்தவளுக்குப் பொய் இல்லை. தேடிப் பார்த்தால் முப்பதில் பொய் இரண்டுதான்: நடுவில் ஒரு 'எனக்கு', கடைசியில் ஒரு 'அப்பா'.

அதற்குக் கீழே தன் பத்து. "தம்பி, நலம். மாடி அறையில் உன் மெத்தையை வெயிலில் போட்டேன். உன் அக்கா."

மூன்று நாற்பதுக்குத் தொலைபேசியை எடுத்தாள்.

"வணக்கம், குடும்பத் தொடர்பு" என்றது பழகிய குரல். தம்பியின் எண்ணைச் சொன்னதும் குரல் இளகியது. "அட, நீங்களா! ஐயா எங்க? நாற்பதம்மான்னு கூப்பிடுறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்காரே, அவரைக் கொடுங்க. இன்னிக்கு நானும் ஒரு கை பாக்கறேன்."

"மேடம், அப்பா இன்னிக்குக் காலைல தவறிட்டார்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.  பிறகு இழுப்பறை திறக்கிற ஓசை, காகிதம் புரள்கிற ஓசை.

"ரெண்டாவது கட்டம்" என்றார் அந்த அம்மாள்.

"தெரியும்."

"நீங்க சொன்னதை நான் மேல எழுதிக் கொடுத்துடணும்மா. அவங்க வச்சுக்குவாங்க. கப்பலுக்குப் போகாது. கரைக்கு வந்து இறங்கினதும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த வாரச் செய்தி?"

"எழுதி வச்சிருக்கேன்."

"படிங்க."

படித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக, தட்டச்சு செய்ய வசதியாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். 'பக்கத்து' 'வீட்டு' 'நாய்' என்று வந்தபோது அந்தப் பக்கம் விசைகளின் சத்தம் நின்றது.

"ஒரு நிமிஷம். இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"தெரியுது. இடைவெளி விடுறீங்க."

"அதானே சட்டம்?"

"சட்டந்தான். ரெண்டு வருஷமா நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தின சட்டம். உங்கப்பா என்னிக்காவது கேட்டாரா?" குரல் தாழ்ந்தது. "பக்கத்து, வீட்டு, நாய்னு தனித்தனியாப் போய் நின்னா உங்க தம்பி முதல் வரியிலயே கண்டுபிடிச்சுடுவார்மா."

மூத்தவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். முப்பது வார்த்தை, முப்பதுக்கும் நடுவில் ஒரு விரல் இடம். செய்தி நிஜம், கணக்கு சரி, கை மட்டும் அவளுடையது.

"ஒட்டுங்க" என்றார் நாற்பதம்மா.

அவள் ஒட்ட முயன்றாள். "கடையில்வியாபாரம்" என்று ஆரம்பித்து நடுவில் மூச்சுத் தடுக்கியது. மறுபடி ஆரம்பித்தாள். "கடையில்வியாபாரம்பரவாயில்லை."

"அது. ஒண்ணு."

"பக்கத்துவீட்டுநாய்."

"ஒண்ணு."

"நான்குகுட்டிபோட்டிருக்கிறது."

"அவர் நான்குன்னா சொல்லுவார்?"

"நாலுகுட்டிபோட்டிருக்கு."

"ஒண்ணு."

"கணக்குப்பிள்ளைபுதுக்கண்ணாடிமாட்டியிருக்கிறான்." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். "நாலு ஒட்டிருக்கு மேடம். ரெண்டுன்னு போட்டுக்கங்க."

விசைகள் தட்டப்பட்டன. "ஒண்ணுன்னே போட்டுட்டேன்."

"மேல கேக்க மாட்டாங்களா?"

"எண்ணுறது நான்தாம்மா. அடுத்தது சொல்லுங்க."

அடுத்தது உடம்பு. 'எனக்கு' என்று வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டு, "உடம்புக்கொன்றுமில்லை" என்றாள். பொய் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்றையும் சொன்னாள். கடைசி எழுத்தில் குரல் கொஞ்சம் நீண்டுவிட்டது. அந்த அம்மாள் அதையும் ஒன்றாகத்தான் எண்ணினார்.

"அவரோட முப்பது பதினொண்ணா ஆயிடுச்சு. உங்க பத்தையும் சேர்த்தா இருபத்தொண்ணு. மிச்சம் பத்தொன்பது." தயங்கினார். "ஐயா ஒரு வார்த்தையைக்கூட மிச்சம் விட்டுப் போனதில்லையே."

கீழே நாற்காலிகளை ஓரம் தள்ளுகிற சத்தம் கேட்டது. சித்தப்பா மாடிப்படியின் அடியில் நின்று, "மூத்தவளே, நேரமாச்சும்மா, இறங்கு" என்று கூப்பிட்டார். சுவரில் முள் நாலைத் தொட இரண்டு நிமிடம்.

"அங்க எடுக்கப் போறாங்களா?"

"ஆமா. நீங்களும் மூடணுமே."

"இந்த ஆபீஸ் கடிகாரம் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

அவளுக்கு இத்தனை வார்த்தை ஒரே நாளில் கையில் கிடைத்ததில்லை. மற்ற வாரமென்றால் பத்தில் எதை வெட்டுவது என்றுதான் பாடு. மெத்தைக்கு இடம் கொடுத்தால் மழைக்கு இடமிருக்காது. இப்போது பத்தொன்பது சும்மா கிடக்கிறது. சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, அதைச் சொல்லக் கூடாது.

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். வாசலிலிருந்து தெருமுனைவரை தலைகள். பூட்டுக்கடைக்காரருக்கு இத்தனை பேரா என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து வந்த ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: பையன் எங்கே?

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"வீடுநிறையஆட்கள்வந்திருக்கிறார்கள்எல்லோரும்உன்னைத்தான்கேட்கிறார்கள்."

அந்தப் பக்கம் விசைகள் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தன. நின்றன.

"ஒண்ணு" என்றார் நாற்பதம்மா. "இன்னும் பதினெட்டு இருக்கும்மா."