வைஃபைக்கு ஒரு பூட்டு

கடலோரத்து உப்பளம் பேட்டையில் விஜயராகவனுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வீடு. முன்வீட்டில் அவர், பின்வீட்டில் எட்டு வருஷமாக மேனகா குடியிருந்தாள். இன்டர்நெட் முன்வீட்டோடு சரி. அதைப் பின்வீட்டுக்கும் தருகிறேன் என்று பெருமையாகச் சொல்லி, தன் பின்சுவரில் வைஃபை சிக்னலை அனுப்புகிற ஓர் ஆக்சஸ் பாயின்ட் கருவியும், அது அனுப்புவதை வாங்கிக்கொள்ள மேனகாவின் வாசலில் இன்னொன்றும் ஆள் வைத்து மாட்டினார். நடுவில் ஒயரே கிடையாது. இரண்டு நாள் நன்றாகத்தான் வந்தது.

மூன்றாம் நாள் மகானுபாவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கடல் காற்றில் துருப்பிடிக்குமாம், களவாணிப்பயல் கழற்றிக்கொண்டு போவானாம். தன் சுவரில் இருந்ததை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அதோடு பின்வீட்டு வைஃபை படுத்தது.

"இரும்புக்குள்ள வச்சா சிக்னல் எப்படி சார் வெளிய வரும்?" என்று மேனகா கேட்டாள்.

"பொட்டியில ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன்ல, அது வழியா வரும். கோளாறு ஒன் லேப்டாப்புல. நாப்பது வருஷம் கவர்மென்ட்ல குப்பை கொட்டுனவன் நானு, எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கொட்டியது குப்பைதான் என்பதில் மேனகாவுக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவளுக்கு ஆன்லைன் தேர்வு. வீட்டிலிருந்தே பார்க்கிற ஒரு வேலைக்கான தேர்வு அது. நடுவில் நெட் அறுந்தால் மறுவாய்ப்பு இல்லை. செல்போன் நெட்டோ அந்த வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. காலையில் சாவி கேட்கப் போனால், ஆள் காலாப்பட்டுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். போன் போட்டாள்.

"பொட்டியத் தொட்ட, வீட்டக் காலி பண்ணிட வேண்டியதுதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேனகா பெட்டியின் முன்னால் போய் நின்றாள். பூட்டு என்னவோ கோயில் உண்டியலுக்குப் போடுகிற பூட்டு. கதவின் கீல் திருகாணிகள் நாலும் வெளியே பல்லை இளித்துக்கொண்டிருந்தன. அட மடச்சாம்பிராணி! ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து நாலையும் கழற்றினாள். கதவு பூட்டிலேயே தொங்கியது. அவள் வாசலில் இருந்த கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு தடங்கலும் இல்லாமல் தேர்வை எழுதி முடித்தாள்.

சாயங்காலம் வந்தவர் குதிகுதியென்று குதித்தார். பிறகு பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"பூட்டு பூட்டுனபடியே இருக்குதே, எப்படித் தொறந்த?"

மேனகா கீலைக் காட்டினாள். அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் காட்டினாள். இந்த ஆளுக்குப் பயந்துதானே, மழைக்கு ஒழுகுகிற கூரையைப் பற்றிக்கூட எட்டு வருஷமாக வாய் திறக்காமல் கிடந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.