சிங்கக்குரலோடு போட்ட ஏலம்

கண்ணாடிக் கடைக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூக்குக்கண்ணாடியின் ஆணியைத் திருகும்போது யார் எது கேட்டாலும் "ம்" என்பான். அந்த "ம்"தான் அவன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

"ஏங்க, அலமாரியில கெடக்குற பழைய பாட்டு பிளேயரை ஏலத்துல போட்டுடவா?" என்று மனைவி கேட்டிருக்கிறாள். அவனும் "ம்" கொட்டியிருக்கிறான். அவள் பார்சல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். படம் எடுத்து இணையத்தில் ஏற்றிய கையோடு பிளேயரைப் பெட்டியில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, அலுவலகத்தில் பூட்டி வைத்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அதைத் திருப்பி எடுத்துடேன்."

"ரெண்டு பேர் விலை கேட்டாச்சு. இப்போ எடுத்தா என் பேர்தான் கெடும். ஏன், அதுல அப்படி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பாட்டு."

"பாட்டுக்கா இப்படி வேர்க்குது?"

இருந்தது பாட்டு இல்லை. பெண் கேட்கப் போகுமுன் அவன் அந்த பிளேயரில் பேசிப் பதிந்து ஒத்திகை பார்த்திருந்தான். தன் பங்கை மட்டும் பேசியிருந்தால் பரவாயில்லை. மாமனார் பங்கையும் அவனே பேசியிருந்தான். மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உப்பு கேட்டாலும் வண்டி வருகிற தோரணையில்தான் கேட்பார். அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உரித்து வைத்திருந்தான்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! என் மகள் உமக்குக் கிடைக்கமாட்டாள்! சிரமத்திற்கு வருந்தவில்லை!"

இத்தனை ஒத்திகைக்கும் பிறகு, நேரில் போன அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டதோடு சரி. மீதியை அவள்தான் பேசி முடித்தாள்.

கல்யாணம் ஆகியும் கீழ் வீட்டு மாமனார் அவனிடம் நேராகப் பேசமாட்டார். "அவரைச் சாப்பிட வரச் சொல்லு" என்று மகள் வழியாகத்தான் தகவல் வரும். போன மாதம் அவருக்கு ஒரு கண்ணாடி பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தான். போட்டுக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தவர், முதல்முறையாக "பிரமாதம், மாப்ள!" என்றார். அந்த "மாப்ள"வை இழக்க அவனுக்கு மனசு வரவில்லை. மாமனாரின் குரலோ ஊரே கேட்டுப் பழகியது. பிளேயர் எவன் கையில் சிக்கினாலும் சாயங்காலத்துக்குள் எல்லார் போனிலும் அது ஓடும்.

ஆகவே 'கழுகுக்கண்' என்ற பெயரில் அவனே ஏலத்தில் இறங்கினான். எதிரே 'சிங்கக்குரல்' என்று ஒரு ஆள், உடும்புப் பிடியாக நின்றான்.

"கழுகுக்கண்ணுன்னு ஒரு கிறுக்கன் வந்திருக்கான்" என்று மனைவி குதித்தாள். "அவன் நல்லா இருக்கணும்!"

ஏலம் முடியும் ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்து எல்லாரும் மாமனார் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரன் சுவர்ப் பக்கம் திரும்பி விலையை ஏற்றினான்.

"அட நாசமாப் போறவனே!" என்று பின்னாலிருந்து மாமனார் கர்ஜித்தார்.

அவன் மறுபடி ஏற்றினான். "திரும்ப ஏத்திட்டானே, பாவி!"

அவன் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தான். மாமனார் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நடைப்பயிற்சிக்குப் பாட்டு கேட்க ஒரு பிளேயர் வேண்டுமென்று அவர் முணுமுணுத்து வந்தது நினைவுக்கு வந்தது. விற்பவள் சொந்த மகள் என்று அவருக்கும் தெரியாது. வாங்குபவர் அப்பா என்று அவளுக்கும் தெரியாது.

சட்டென்று ஒரு யோசனை உதித்தது. கண்ணாடி இல்லாவிட்டால் மாமனாருக்கு யானைகூடப் பூனைதான்.

"மாமா, உங்க கண்ணாடி ஒரு பக்கமா சாயுதே. குடுங்க, ஆணியை முடுக்கித் தரேன்."

கழற்றிக் கொடுத்தார். அவன் வெற்றிப் புன்னகையோடு திருகத் தொடங்கினான்.

"மாப்ள, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று போனை நீட்டினார். "நீங்களே நூறு கூட்டி அமுக்குங்க. அந்தக் கழுகு மூஞ்சியில கரி பூசணும்."

"ம்" என்றான். கை ஆணியில் இருந்ததால் தன்னால் வந்துவிட்டது. பிறகு எப்படி மறுப்பது? அமுக்கினான். அவன் சட்டைப்பையில் போன் துள்ளியது.

"உங்களுக்கு ஏதோ வருது பாருங்க."

"கடையிலேர்ந்து மாமா. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்போ முடியுற வரைக்கும் நகராதீங்க. ராசியான கை."

அந்த ராசியான கையாலேயே அவன் தோற்றான்.

மனைவி தன் போனில் வாங்கியவர் முகவரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா! சிங்கக்குரல் நீங்களா?"

"பின்னே, வீட்டுல வேற சிங்கமா கட்டி வச்சிருக்கோம்?"

மறுநாள் பார்சல் வந்தது. மாமனார் காதில் மாட்டிக்கொண்டு நடக்கப் போனார். திரும்பி வந்தவர் மருமகனைப் பார்க்காமலே மகளிடம், "அவரைக் கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்லு" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

'அவர்' ஆகிவிட்டான். மாடிப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். ஆறுதல் சொல்வாளென்று பார்த்தால், அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கதவு திறந்தது. மாமனார் பிளேயரை மகளிடம் நீட்டினார். "அவரைக் கேக்கச் சொல்லு."

ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டார்கள். முதலில் மாமனாரின் அசல் கணீர்க்குரல், இப்போதுதான் பதிந்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மாப்பிள்ளை தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்!" பிறகு அதே குரல் ஈனஸ்வரத்துக்கு இறங்கி, இரண்டு தரம் எச்சில் விழுங்கி, அவனைப் போலவே திக்கியது: "மா... மாமா... வந்து... உங்க... பொ... கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

மனைவி படியிலேயே சரிந்தாள். அவன் மெல்லத் திரும்பினான். மாமனார் வாசலில் ஒரு சொம்போடு நின்றிருந்தார்.

"என் குரலுக்கு மூக்கைப் பிடிக்கக் கூடாது. அடிவயித்திலேர்ந்து வரணும்" என்றார். "முதல்ல இதைக் குடிங்க, மாப்ள."